அரசு தரும் மோட்டார் தையல் இயந்திரம்: தலை சரி, பெடல் எங்கே?

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை விலையில்லாமல் தருகிற உதவிகளில், வீட்டுக்கு வந்த வாரமே காசு பார்க்க வைக்கக்கூடியது மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம். ஆறாவது மாதம் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு மூலையில் நிற்பதும் அதுவேதான். இயந்திரத்தின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கால் வராதவருக்கு, காலால் அழுத்தும் பெடலோடு அது வருகிறது. அந்தப் பெடலை உடம்பின் எந்தப் பக்கத்தால் அழுத்துவது என்று இயந்திரம் கொடுக்கும் நாளில் பார்ப்பார் இல்லை. கடலூர் பக்கம் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக, நல்லதும் கெட்டதுமாக இந்த மதிப்பீடு.

பெட்டியில் வருவது, தையல் கடைகளில் காலங்காலமாகப் பார்க்கும் அதே வகைக் கறுப்புத் தலை, மேஜைப் பலகை, இரும்பு ஸ்டாண்டு. கூடவே பக்கவாட்டில் சின்ன மோட்டார், பெல்ட், ஒயரோடு ஒரு பெடல். நேர்த்தையல் மட்டும் போடும். பிகோ (சேலை ஓரத் தையல்) அடிக்காது, ஓவர்லாக் (பிசிறு பிரியாமல் போடும் ஓரத் தையல்) அடிக்காது, காஜா (பொத்தான் துளை) எடுக்காது. நேர்த்தையலைப் பொறுத்தவரை இந்தத் தலைக்குக் குறை சொல்ல முடியாது. பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். திருப்பாதிரிப்புலியூரானாலும் பண்ருட்டியானாலும் அடிநூலைத் தரும் பாபின் கேஸையும் ஷட்டிலையும் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஒருவராவது இருப்பார். நவீன பிளாஸ்டிக் இயந்திரங்களைவிட இந்தப் பழைய வகைக்கு என் மதிப்பெண் கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இனி பெடல். ஒரு கால் நன்றாக இருப்பவருக்குச் சிக்கல் குறைவு. நல்ல கால் இடதா வலதா என்று பார்த்து அந்தப் பக்கம் வைத்தால் போதும். வழவழத் தரையில் பெடல் நகர்ந்துகொண்டே போகும் என்பதால் அடியில் பழைய ரப்பர் மிதியடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட வேண்டும். பாதத்தில் பலமில்லை, ஆனால் தொடையை அசைக்க முடிகிறது என்றால் முழங்கால் முறை நன்றாக வேலை செய்யும். ஸ்டாண்டின் உள்பக்கக் காலில் முழங்கால் உயரத்துக்கு எல் வடிவ இரும்புப் பட்டை ஒன்றை போல்ட் போட்டுப் பொருத்தி, அதில் பெடலை நிற்க வைத்துக் கட்ட வேண்டும். முழங்காலைப் பக்கவாட்டில் தள்ளினால் ஓடும், விட்டால் நிற்கும். வெல்டிங் பட்டறையில் அரைமணி நேர வேலை.

இரண்டு கால்களும் அசையாதவருக்கு முழங்கை. மேஜையின் வலது முன்விளிம்பில் ஒரு சிறு பலகையை நீட்டி, பெடலை அதன் மேல் திருகிவிட வேண்டும். உள்ளங்கையால் அழுத்திப் பழகக் கூடாது. ஒரு கை பெடலுக்குப் போனால் துணியை நடத்த ஒரே கைதான் மிஞ்சும், தையல் கோணிக்கொண்டு போகும். முழங்கையால் அழுத்தினால் இரண்டு உள்ளங்கைகளும் துணி மேலேயே இருக்கும். ஆரம்பத்தில் தோள்பட்டை வலிக்கும். பெடலின் ஸ்பிரிங் காலின் எடைக்கு ஏற்றபடி இறுக்கமாக இருப்பதால் அப்படி. மெக்கானிக்கிடம் சொல்லி இளக்கமான ஸ்பிரிங் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: பெடலைப் பாதி அழுத்தியபடியே நெடுநேரம் ஓட்டினால் உள்ளே சூடேறும், கருகிய வாடை வரும். வளைவான இடங்களில் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுத் தைப்பது நல்லது.

சக்கர நாற்காலிக்காரர்களுக்கு வேறொரு தடை. ஸ்டாண்டின் கீழே மிதிபலகையும் பெரிய சக்கரமும் இருந்தால் நாற்காலியின் கால்தாங்கி அதில் முட்டும். மேஜையிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, முதுகை வளைத்துத் தைக்க வேண்டிவரும். முதுகுவலியால் விட்டவர்களில் பலருக்கும் காரணம் இதுதான். மோட்டார் இருக்கும்போது மிதிபலகைக்கு வேலையே இல்லை. மிதிபலகை, சக்கரம், இணைப்புக் கம்பி மூன்றையும் கழற்றிவிடலாம். இரண்டு கால்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பியை மட்டும் கழற்றக் கூடாது, கழற்றினால் ஸ்டாண்டு ஆடும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பிறகு பழுதுபார்க்கும்போது தேடுவீர்கள்.

மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் பாயிண்டுகள் அதிகம். காலில் கேலிப்பர் (காலைத் தாங்கும் உலோகச் சட்டம்) போட்டவர் இரும்பு ஸ்டாண்டைத் தொட்டபடியேதான் உட்கார்ந்திருப்பார். கசிவு இருந்தால் முதலில் அவர் உடம்பில்தான் பாயும். எர்த் உள்ள மூன்று முனை பாயிண்ட் இல்லாமல் ஓட்ட வேண்டாம். மின்கட்டணத்துக்குப் பயப்படத் தேவையில்லை. 100 வாட் மோட்டார் தினம் 4 மணி நேரம் விடாமல் ஓடினாலும் மாதத்துக்கு 12 யூனிட்தான்.

பராமரிப்பில் நடக்கும் பெரிய தவறு தேங்காய் எண்ணெய். அவசரத்துக்கு அடுப்படியிலிருந்து எடுத்து இரண்டு சொட்டு விடுவார்கள். அன்றைக்கு ஓடும். சில வாரங்களில் அது பிசினாகி ஷட்டிலைப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் முனகும். தையல் இயந்திர எண்ணெய் என்றே தனியாக விற்கிறது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு போதும். பெல்ட் மேல் மட்டும் எண்ணெய் படவே கூடாது, வழுக்கும். பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் தடித்த துணியில் சக்கரம் நிற்கும், மோட்டார் மட்டும் சுற்றும். ரொம்ப இறுக்கினால் மோட்டாரின் புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) தேயும். மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகு கைச்சக்கரம் தைப்பவரை நோக்கிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முதல் தையலிலேயே நூல் அடியில் சிக்கி லாக் ஆகும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் பத்தில் எட்டு முறை ஊசிதான்: முனை மழுங்கியிருக்கும், அல்லது தட்டைப் பக்கம் திரும்பியிருக்கும். சாதாரணப் பருத்திக்கு 14ஆம் நம்பர், ஜீன்ஸ், கேன்வாஸ் போன்றவற்றுக்கு 16 அல்லது 18.

காது கேளாதவர்களுக்கும் இந்தத் திட்டத்தில் இயந்திரம் உண்டு. பெடலில் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. நூல் அறுந்த சத்தமும் பெல்ட் வழுக்கும் சத்தமும் கேட்காது என்பதுதான் குறை. மேல்நூல் ரீலின் தலையில் பளிச்சென்ற ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டால், அது சுற்றாமல் நிற்பது கண்ணில் படும். தையல் ஓடும்போது இடது கையை மேஜையில் தட்டையாக வைத்திருந்தால் அதிர்வு மாறுவதும் தெரியும். கற்றுக்கொடுப்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே பழக்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் தாய்மார்களுக்கும் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. பிள்ளையை விட்டு வெளியே போக முடியாத தாய்க்கு வீட்டோடு வேலை. ஆனால் எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெடல் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி.

வருமானம் என்று வந்தால், பிளவுஸில் தொடங்க வேண்டாம். அளவு பிசகினால் துணிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும், தெருவில் பெயரும் கெடும். துணிப்பையில் தொடங்குவது நல்லது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. கல்யாணத் தாம்பூலப் பைக்கு எப்போதும் ஆள் உண்டு. 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் எடுத்தால், 15க்கு 36 அங்குலத்தில் இரண்டு துண்டு வரும். ஒவ்வொன்றையும் அடியில் மடித்தால் ஒரு பை. மிச்சமிருக்கும் 14 அங்குலப் பட்டையில் இரண்டு பைக்கும் கைப்பிடி வெட்டிவிடலாம். முழுக்க நேர்த்தையல். கை நேரானதும் தலையணை உறை, பாவாடை, நைட்டி என்று போகலாம். பிளவுஸ் அதற்குப் பிறகு. சேலைக்கு ஃபால்ஸ் வைக்கலாம். ஆனால் வருபவர்கள் பிகோவையும் சேர்த்துத்தான் கேட்பார்கள், அதற்கு வேறு இயந்திரம் வேண்டும். இந்தத் திட்டத்தின் பெரிய போதாமையாக நான் சொல்வது இதைத்தான். இரண்டாவது இயந்திரத்துக்குத் தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் கடனைக் கூட்டுறவு வங்கி வழியாகக் கேட்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. பெண்கள் அதில் உறுப்பினராகச் சேர முடிந்தால் பருவத்துக்கு ஒருமுறை நிச்சயமான வேலை உண்டு. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையை நம்பி நைட்டி தைத்துக் குவிப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை. அங்கே விலை தரைமட்டம், துணிக்காசுகூடத் தேறாது.

விண்ணப்பத்துக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது யூடிஐடி அட்டை (மத்திய அரசின் தனித்துவ மாற்றுத்திறனாளி அட்டை), ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், தையல் தெரியும் என்பதற்கான சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். பெரும்பாலும் தடங்கல் வருவது தையல் சான்றில்தான். காசு கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொள்வது நமக்கு நாமே குழி வெட்டுவது. இந்தியன் வங்கியின் சுயதொழில் பயிற்சி நிலையம் இலவசமாகவே சொல்லித் தருகிறது, சாப்பாடும் உண்டு. சேருவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ச் சாய்தளத்தைப் பாருங்கள். படி 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் குறைந்தது 180 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதுதான் 1க்கு 12 கணக்கு. கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கழிப்பறை போக முடியாத இடத்தில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க முடியாது.

கன்னியக்கோயிலில் குடும்ப அட்டை வைத்திருப்பவர் கடலூர் ஆட்சியரகத்துக்கு வந்து பயனில்லை. அது புதுச்சேரி, அங்கே சமூக நலத்துறை. சாலையில் கொஞ்சம் தள்ளி ரெட்டிச்சாவடிக்காரருக்குக் கடலூர். ஆனால் புதுச்சேரியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தேசிய வாழ்வாதார சேவை மையம் மத்திய அரசுடையது. ஒருவரின் உடல்நிலைக்கு எந்தத் தொழில் ஒத்துவரும் என்று மதிப்பிட்டுச் சொல்வது அதன் வேலை. கை நடுக்கம் உள்ளவர், விரல்களில் பிடிமானம் இல்லாதவர் எல்லாம் தையலுக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த மதிப்பீட்டுக்குப் போய்வருவது நேரத்தை மிச்சப்படுத்தும். மாற்றுத்திறனாளிப் பெண் என்றாலே தையல் என்று எழுதிவிடும் பழக்கம் நம் ஆட்களிடம் ஊறிப்போயிருக்கிறது.

கடைசியாகக் கடலும் மழையும். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் உப்புக் காற்றில் ஊசிக்கம்பியும் அழுத்துகாலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, மேலே மூடி. 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணைத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மோட்டாரைத் தாங்குவது இரண்டொரு திருகுகள்தான். மழை எச்சரிக்கை வந்தால் மோட்டாரையும் பெடலையும் கழற்றிப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். தலையை வேறு ஆளை வைத்துத் தூக்கச் சொல்லுங்கள், கனம். தப்பித்தவறி மோட்டாருக்குள் தண்ணீர் போய்விட்டால், வெயிலில் காயவைத்தோமே என்று பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். நேரே காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள்.