ஒரே ஆல்பம், இரண்டு மொழி: ஆஸ்கெய்ரை எதில் கேட்பது?

ஐஸ்லாந்தின் வடமேற்கில் ஒரு குக்கிராமத்தில் வளர்ந்த பாடகர் ஆஸ்கெய்ர். 2012இல் இவருடைய முதல் ஆல்பம் தாய்மொழியான ஐஸ்லாந்திய மொழியில் வந்தது. மறு ஆண்டே ஆங்கிலப் பதிப்பும் வந்துவிட்டது. மெட்டு, கிட்டார், இயல்புக்கு மேலே ஏறிப் பாடும் அந்த மெல்லிய கள்ளக்குரல் (ஃபால்செட்டோ) எல்லாம் ஏறக்குறைய அதேதான். மாறியது சொல்.

தாய்மொழிப் பதிப்பின் பெரும்பாலான வரிகள் அப்பா எழுதியவை. எழுபது வயதை ஒட்டிய கவிஞர் அவர். மகனுக்கு அப்போது இருபதுதான்! இளைஞன் வாயில் முதியவர் சொல் வருவதால், புரியாதவர்களுக்கும் அதில் ஒரு நிதானம் கேட்கிறது. தலைப்பும் கனமானது: 'மயான அமைதியில் மகிமை' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் அது வெறும் 'அமைதியில்' ஆகிவிட்டது.

ஆங்கில வரிகளுக்குக் கைகொடுத்தவர் ஐஸ்லாந்தில் குடியேறிய அமெரிக்கப் பாடகர் ஜான் கிராண்ட். 'ரகசியம்' என்ற பாட்டு ஆங்கிலத்தில் 'கிங் அண்ட் கிராஸ்' ஆனது. 'புதிதாய்ப் பெய்த மழை' என்ற பாட்டு 'டாரன்ட்' ஆனது, அதாவது காட்டாறு! தூறலுக்கும் வெள்ளத்துக்கும் வித்தியாசம் இல்லையா என்ன?

ஆனாலும் ஆங்கிலப் பதிப்பைக் குறை சொல்ல மாட்டேன். தீவுக்கு வெளியே அவரைக் கொண்டுபோனது அதுதான். வரி புரிந்து முணுமுணுக்க அது போதும். ராத்திரி விளக்கணைத்துக் கேட்பதென்றால் என் கை தாய்மொழிப் பதிப்புக்குத்தான் போகிறது.