கசூரினாவில் பூசிப் பார்த்த சிங்க் சன்ஸ்கிரீன்

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாள், திரும்பும்போது பாதி தீர்ந்த சன்ஸ்கிரீன் டியூப் ஒன்றை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். எஸ்.பி.எஃப் 50, வெயிலைத் தடுக்க அதில் இருப்பது சிங்க் ஒக்சைட் மட்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் ஒருநாள் மாதகல் கடலிலும் பூசிக்கொண்டு இறங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

களிம்பு நல்ல தடிப்பு, இலேசில் இழுபடாது. நம் நிறத்துக்கு முகம் முழுக்க நீறு பூசியதுபோல வெள்ளை தெரியும், உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் பாதி அடங்கும், மீதி அடங்காது. கறுப்புச் சட்டையில் பட்டால் தோய்த்தாலும் போகாது. ஆனால் கண்ணுக்குள் இறங்கி எரியவில்லை. மத்தியான வெயிலில் இரண்டு மணித்தியாலம் நீந்தியும் (இடையில் ஒருதரம் ஏறி மறுபடி பூசினேன்) தோள் கன்றிப்போகவில்லை.

இவ்வளவு கரைச்சல் பட்டு இதைப் பூச எனக்கு மனம் வந்தது பலாவு பற்றி வாசித்த பிறகு. பசிபிக்கில் ஏறக்குறைய 18,000 பேர் மட்டும் வாழும் தீவு நாடு அது. 2018இல் சட்டம் போட்டு, 2020 ஜனவரி 1 முதல் முருகைக்கல்லுக்குக் (பவளப்பாறைக்கு) கேடு என்று ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் உட்படப் பத்து இரசாயனங்களில் எது இருந்தாலும் அந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை என்றுவிட்டார்கள். முழு நாடொன்று அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அங்குள்ள ஜெலிமீன் ஏரியில், நீந்த வந்தவர்களின் உடம்பிலிருந்து கழுவுப்பட்ட சன்ஸ்கிரீன் தண்ணீரிலும் சேற்றிலும் ஜெலிமீன்களிலுமே இருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதே ஜனவரி 1இல்தான் தங்கள் கடல் வலயத்தின் 80 வீதத்தில் மீன்பிடியையும் மூடினார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலைக் காக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தை 2024 ஜனவரியில் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்ததும் அவர்கள்தான்.

அப்புறம், நகரில் ஒரு பார்மசியில் வாங்கிய என் பழைய டியூப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் முருகைக்கல் படமும் கடலுக்குக் கேடில்லை என்ற வாசகமும். பின்பக்கப் பொடியெழுத்தில் ஒக்டினொக்சேட்! சரியான கோபம் வந்தது. அமெரிக்காவில்கூட அந்த வாசகத்துக்குச் சட்ட வரையறை கிடையாது, யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். படத்தை விட்டுவிட்டுப் பொடியெழுத்தை வாசியுங்கள்.

முருகைக்கல்லுக்குப் பெரிய எமன் கடல் சூடாவதுதான், 1998இலும் 2016இலும் இலங்கைக் கரையோரம் அவை வெளிறியது களிம்பால் இல்லை. ஒக்சிபென்சோன் முருகைகளின் குஞ்சுகளைச் சிதைப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள், திறந்த கடலில் அது எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. இருந்தாலும் தெரிந்துகொண்டே அதைப் பூசி இறங்க எனக்கு மனமில்லை. நெடுந்தீவில் வீட்டு வேலியே முருகைக்கல்லில் கட்டியதுதான், அதைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும்.

இப்போது முழுக்கைச் சட்டையோடுதான் கடலில் இறங்குகிறேன். களிம்பு முகத்துக்கும் கழுத்துக்கும் புறங்கைக்கும் மட்டும், அதனால் கனநாள் வருகிறது. ஆனாலும் டியூப் முடியப்போகிறது. யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்கிய நாலு கடையிலும் சிங்க் மட்டும் உள்ளது கிடைக்கவில்லை, எங்காவது கண்டிருந்தால் எந்தக் கடை என்று சொல்லுங்கள்.