கிம்பில் கோள் செய்து ஏழு வருடங்கள்: வெளிச்சம் மட்டும் இன்னும் சொல்பேச்சு கேட்கவில்லை

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை வேணும்டா, பின்னணியில ஒரு கிரகம். காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்குற நிலைமை இல்ல. கிம்ப்ல ஒழுங்கா வருமா?"

வரும் என்று ஒரு வார்த்தையில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு மனசு ஒப்பவில்லை. கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளின் 2.10 பதிப்பு 2018-இல் வந்ததிலிருந்து அதில் கோள் செய்துகொண்டிருக்கிறேன். சின்னப் பதிப்பகங்களுக்கு அட்டை, பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குத் தட்டி என்று எப்படியும் ஐம்பது கோள் தாண்டியிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நான் பட்ட பாட்டையும் அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அகலம் உயரத்தைப் போல இரு மடங்கு இருக்கும் படம், அதில் மேகம் மாதிரிக் கறுப்பு வெள்ளைத் திட்டுகளைப் போடும் சாலிட் நாய்ஸ், மேலே அந்தத் திட்டுகளுக்கு வண்ண வரிசையை ஏற்றும் கிரேடியன்ட் மேப், கடைசியில் மேப் ஆப்ஜெக்ட் ஃபில்டரில் கோளம் என்று தேர்ந்தெடுத்துச் சுற்றிவிட்டால் உருண்டை தயார். சாலிட் நாய்ஸில் டைலபிள் என்ற கட்டத்தை டிக் செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சேரும் இடத்தில், துருவத்துக்குத் துருவம் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு விழும்.

எனக்கு இன்றைக்கும் சலிக்காத இடம் கிரேடியன்ட், அதாவது அந்த வண்ண வரிசை. ஆழ்நீலம், வெளிர்நீலம், நூலளவு மணல் நிறம், பச்சை, பழுப்பு, உச்சியில் வெள்ளை என்று வரிசையாக வைத்திருப்பேன். நீலமும் மணலும் கலங்காமல் வெட்டினாற்போல் நிற்க வேண்டும். அந்த வெட்டுதான் கடற்கரை. கிரேடியன்ட் எடிட்டரின் அடியில் சின்னச் சின்ன முக்கோணங்கள் இருக்கும். நீலம் முடியும் இடத்தில் இருக்கும் கறுப்பு முக்கோணத்தைப் பிடித்து ஒரு நெல்மணி அளவு வலப்பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி வண்ணம் ஏற்றிப் பாருங்கள். கடல் ஏறியிருக்கும். நிலத்தோடு ஒட்டியிருந்த முனை தனித் தீவாகியிருக்கும், அகலமாக இருந்த சமவெளி விரிகுடாவாகியிருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் மலை முகடுகள் மட்டும் புள்ளி புள்ளியாக வெளியே தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு இதை ஆரம்பித்து, எழுந்து பார்த்தால் மணி இரண்டு. வேலையே நடந்திருக்காது. ஆனால் அப்படி ஒரு சந்தோஷம்.

சாலிட் நாய்ஸில் சீட் என்று ஒரு எண் இருக்கிறது. அதே அளவு படத்துக்கு அதே எண்ணைக் கொடுத்தால் அதே மேடு பள்ளம் அப்படியே திரும்ப வரும். பிடித்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஹார்ட் டிஸ்க் போய் பழைய கோப்பு எதுவும் மிஞ்சாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாள், நோட்டைப் பார்த்து எண்ணைத் தட்டினேன். மூன்று வருடத்துக்கு முன் நான் செய்த கண்டம், தெற்கே வளைந்த அதே விரிகுடாவோடு திரையில் வந்து நின்றது. தொலைந்துபோன ஊருக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது.

துருவங்களில் ஒரு சிக்கல் உண்டு. தட்டையான படத்தை உருண்டையில் சுற்றும்போது மேல் விளிம்பு முழுவதும் ஒரே புள்ளியில் வந்து குவிகிறது. குடையின் உச்சியில் துணி சுருங்கி நிற்பதுபோல் நிலமெல்லாம் கோடு கோடாக அங்கே ஓடும். படத்தின் மேலும் கீழும் வெள்ளைப் பட்டை தீட்டி, ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துவிட்டால் பனித் தொப்பி ஆகிவிடும், சுருக்கமும் தெரியாது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். மேப் ஆப்ஜெக்ட்.

அதன் முன்னோட்டம் சின்னதாக, கரடுமுரடாக இருக்கும். அதில் ஒரு நீலப் புள்ளி தெரியும், அதை இழுத்தால் வெளிச்சம் நகரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓகே கொடுத்த நொடியே வெளிச்சமும் நிழலும் நிலத்தோடு ஒரே படமாக உறைந்துவிடும். அதற்குப் பிறகு சூரியனை ஒரு இம்மி நகர்த்த வேண்டும் என்றாலும் எல்லாவற்றையும் பின்னால் அழித்துக்கொண்டு போய், தட்டைப் படத்திலிருந்து மறுபடி சுற்ற வேண்டும். மேகத்துக்குத் தனி லேயர், அதாவது மேலே ஒரு தனி அடுக்கு, வைத்திருந்தால் அதையும் அதே கோணத்தில், ஆரத்தை ஒரு துளி மட்டும் கூட்டிச் சுற்ற வேண்டும். ஒரு அட்டைக்கு, தலைப்பு இடப்பக்கம் வருகிறது, வெளிச்சம் வலப்பக்கம் போகட்டும் என்றார் ஆசிரியர். மாற்றினேன். மறுநாள் தலைப்பு மேலே போயிற்று. மூன்றாவது முறை சுழற்சிக் கோணத்தைக் குறித்துவைக்கத் தவறி, மேகம் ஒரு பக்கமும் நிலம் ஒரு பக்கமுமாகப் போய்விட்டது. அன்றைக்கு மவுஸை நொறுக்காமல் விட்டது என் நல்ல காலம்.

2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தபோது, ஃபில்டரைப் போட்ட பிறகும் திறந்து மாற்றலாம் என்று படித்ததும் முதலில் இதைத்தான் திறந்தேன். பிளர் மாறுகிறது, நிழல் மாறுகிறது, வண்ணச் சமன் மாறுகிறது. மேப் ஆப்ஜெக்ட் மட்டும் பழையபடியே உறைந்துபோகிறது. இத்தனை வருடம் காத்திருந்தவனுக்கு அது வலிக்கத்தான் செய்தது. நியாயமாகச் சொன்னால், கிம்ப் 1995-இல் இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இன்றைக்கும் பெரும்பாலும் தன்னார்வலர்கள் உழைப்பில் ஓடுவது. என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அது தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது.

நானாகக் கண்டுபிடித்த வழி இது: மேப் ஆப்ஜெக்டின் வெளிச்சப் பகுதியில் நோ லைட் என்று கொடுத்து, நிழலே இல்லாமல் தட்டு மாதிரிச் சுற்றி எடுங்கள். மேலே தனி லேயரில் முழுக் கறுப்பு வட்டம். அதில் வெளிச்சம் வரும் பக்கமாகத் தள்ளி ஒரு பெரிய நீள்வட்டத்தை, ஓரம் நன்றாக மங்கும்படி, அழித்துவிடுங்கள். கோளின் விளிம்பை மாஸ்க்காக (வெளியே இருப்பதை மறைக்கும் திரையாக) போட்டால் கறுப்பு வெளியே வழியாது. சூரியன் இடம் மாறினால் அந்த ஒரு லேயரை மட்டும் திருப்பிக்கொள்ளலாம்.

வளிமண்டலத்தைப் பற்றி நண்பனுக்குத் தனியாகவே எழுதினேன். எல்லோரும் கோளைச் சுற்றித் தடிமனாக நீல ஒளியைப் பூசுகிறார்கள். பூமியின் விட்டம் சுமார் 12,742 கிலோமீட்டர். விண்வெளி தொடங்குவதாகப் பொதுவாக வைத்துக்கொள்ளும் உயரம் 100 கிலோமீட்டர். ஆயிரம் பிக்சல் அகலத்தில் கோள் வரைந்தால், காற்று எட்டு பிக்சல்கூட வராது. அந்த எட்டையும் வெளிச்சம் படும் பக்கம் மட்டும் வையுங்கள். 1972 டிசம்பர் 7-இல் அப்போலோ 17-இலிருந்து எடுத்த முழுப் பூமிப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். அதில் பின்னணியில் நட்சத்திரமே தெரியாது. வெயிலில் பளிச்சென்று இருக்கும் பூமிக்கு வைத்த எக்ஸ்போஷரில் அவை பதியவில்லை. நட்சத்திரத்தை அள்ளித் தெளிக்கும்முன் ஒருமுறை அதைப் பாருங்கள்.

இன்னொன்று, அச்சுக்குப் போகும் படம் என்றால் தொடக்கத்திலேயே 32 பிட் துல்லியத்துக்கு மாற்றிவிடுங்கள். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். கருநீலத்திலிருந்து கறுப்புக்கு மெல்ல இறங்கும் இடத்தில் அதில் சில படிகளே கிடைக்கும். என் முதல் அட்டை அச்சாகி வந்தபோது கோளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது, முந்நூறு பிரதியிலும். இப்போதெல்லாம் கடைசியில் மெல்லிய நாய்ஸ் ஒன்றும் தூவிவிடுகிறேன்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நான் சொன்ன முடிவு நண்பனுக்குப் பிடிக்கவில்லை. நேற்றுதான் இன்னொரு அட்டைக்கு வெளிச்சத்தை மாற்றச் சொல்லி போன் வந்திருந்தது, அந்தச் சூட்டில் எழுதினேன்: கிம்ப் வேண்டாம், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் படி. அதுவும் இலவசம்தான். அங்கே சூரியனைத் திருப்பினால் இரவு தானாகத் திரும்பும். ஒரு மாதம் கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை.

"அப்ப நீ ஏன் இன்னும் கிம்ப்லயே இருக்க?" என்று கேட்டான். பதிலுக்கு என் நோட்டிலிருந்து நான்கு சீட் எண்களை அனுப்பினேன். மூன்றாவது எண்ணில்தான் அந்தத் தெற்கு விரிகுடா. அதற்கு மட்டும் வெளிச்சத்தை இடது மேலிருந்து கொடு, விரிகுடா பாதி நிழலில் இருக்கட்டும் என்றும் சேர்த்து எழுதினேன்.