மஸ்டடோனில் மூன்று வருஷம்: மூலையில் இருக்கிற அந்த இலக்கம்

"மச்சான், நீ இருக்கிற மஸ்டடோன் எப்பிடி? நானும் வரட்டோ?" என்று போன கிழமை தெஹிவளையில் இருக்கிற சிநேகிதன் கேட்டான். வா என்றுதான் எழுதத் தொடங்கினேன். மஸ்டடோன் ஒரு சமூக வலைத்தளம்; ஒரே கம்பனியின் கையில் இல்லை, ஆளாளுக்கு நடத்துகிற பல சேர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்தது. நான் ஒரு சேர்வரில் சேர்ந்தது 2022 நவம்பரில். விளம்பரம் இல்லை, பின்தொடர்கிற ஆட்கள் போடுவது நேர வரிசையில் வரும். வெள்ளவத்தைக் கடற்கரையில் எடுத்த கொக்குப் படம் ஒன்றுக்குக் கீழே, முன்பின் தெரியாத நாலு பேர் இரண்டு நாளாகப் பறவைக் கதை கதைத்தார்கள். அந்தச் சந்தோஷம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

எழுதி முடிக்க முதலே 2024 பெப்ரவரி ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மாதம் 1ஆம் திகதி மஸ்டடோன் மென்பொருளின் 4.2.5 பதிப்பு வந்தது. வேறொரு சேர்வரில் இருப்பவரின் கணக்கை எவரும் தன்வசமாக்க இடம் கொடுத்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் அது. சேர்வர்களை நடத்துகிற நிர்வாகிகள் அப்டேட் போட அவகாசம் வேண்டும் என்று ஓட்டையின் விவரத்தை 15ஆம் திகதிவரை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறச் சின்ன எழுத்தில் பதிப்பு இலக்கம் இருக்கும். எங்கள் சேர்வரில் 4.2.4. காலையில் தேத்தண்ணியோடு இருந்து முதலில் அதைத்தான் பார்ப்பேன். பதினொரு நாள் அசையவில்லை. அவசர அப்டேட் வந்தால் 4.2 வரிசை மென்பொருளே நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பும். 12ஆம் திகதி இலக்கம் மாறியது. ஏன் பிந்தியது என்று ஒரு வரி அறிவித்தல்கூட இல்லை.

எங்கள் சேர்வர் நிர்வாகி நல்ல மனுசன். பகலில் வேலை, இரவில் சேர்வர், செலவில் பாதிக்கு மேல் அவருடைய கைக்காசு. என்னைத் தூஷணத்தால் திட்டின ஒருவனை நடுச்சாமத்தில் எழும்பித் தடை செய்தவர். அதை மறக்க மாட்டேன்.

ஆனால் மஸ்டடோனில் தனிச்செய்திகள், அனுப்பினவரும் பெற்றவரும் மட்டும் வாசிக்கக்கூடியதாக முனைக்கு முனை பூட்டப்பட்டவை அல்ல. சேர்வரின் தரவுத்தளத்தில் அப்படியே கிடக்கும். என் வீட்டு முகவரியும் அம்மாவின் கிளினிக் விஷயமும் அதற்குள் இருக்கின்றன. 2023 மே மாதம் அமெரிக்காவில் கொலெக்டிவா சேர்வரின் நிர்வாகி ஒருவரது வீட்டை, சேர்வரோடு சம்பந்தமில்லாத விசாரணைக்காக எஃப்.பி.ஐ சோதனை போட்டது. அள்ளிக்கொண்டு போன சாமான்களுக்குள் தரவுத்தளத்தின் பூட்டாத பேக்கப் ஒன்றும் போய்விட்டது. அங்கே இருந்த சனம் என்ன பிழை செய்தது? எங்கள் பேக்கப் எங்கே, பூட்டியிருக்கிறதா என்று எங்கள் ஆளிடம் இரண்டு தரம் கேட்டேன். "பயப்படாதீங்கோ" என்று மட்டும் பதில் வந்தது.

சிநேகிதனுக்கு எழுதினதை அழித்தேன். "மஸ்டடோனுக்கு வா, இந்தச் சேர்வருக்கு வராதே" என்று அனுப்பினேன். அனுப்பின பிறகு நான் மட்டும் ஏன் இங்கே இருக்க வேண்டும் என்று மனம் கேட்டது. இடம் மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பதிவுகள் வராது. கொக்குப் படமும் அந்தக் கதையும் இங்கேயே நின்றுவிடும்.

நேற்றிரவு வேறொரு சேர்வர் நிர்வாகியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். பேக்கப்பை எதில் வைக்கிறார், எப்படிப் பூட்டுகிறார், கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தார் என்று பத்து நிமிஷத்தில் பதில் எழுதியிருந்தார். இன்றைக்குக் கணக்கை மாற்றுகிறேன்.