கூண்டோடு நாட்டுக்கோழி என்று விற்கிறார்கள், முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

"வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற கூண்டு, முட்டை வைக்கத் தயாரான ஆறு நாட்டு விடைக்கோழி, ஒரு சேவல். மொத்தம் 16,500 ரூபாய், வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கித் தருவோம்." கோவை, திருப்பூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு விளம்பரம் சுற்றுகிறது. நான் வாங்கினேன். வந்தது நாட்டுக்கோழியும் இல்லை, விடையும் (இன்னும் முட்டை வைக்கத் தொடங்காத இளங்கோழி) இல்லை. பண்ணையில் முட்டை வைத்து ஓய்ந்து, கழித்துவிட்ட லேயர் கோழிகள், அதாவது முட்டைக்கென்றே வளர்க்கும் ரகம்.

முன்பணம் 5,000 ரூபாய் ஜிபேயில் போனது. பகலில் வரும் என்ற வண்டி இரவு எட்டரைக்கு மேல்தான் வந்தது. ஓட்டி வந்த பையன், "இன்னும் ரெண்டு இடம் போகணுங்க" என்று அவசரப்படுத்தி, கூண்டை இறக்கி, கோழிகளை உள்ளே தள்ளி, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். டார்ச் வெளிச்சத்தில் செங்கோழி எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இரவில் வந்தது தற்செயல் இல்லை என்று இப்போது அடித்துச் சொல்வேன். இதே ஆளிடம் வாங்கிய இன்னொருவருக்கும் ராத்திரிதான் வந்திருக்கிறது.

காலையில் எதிர்வீட்டு ஆத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது மூக்கு வெட்டுன கோழியாச்சே?" என்றார். ஒன்றைப் பிடித்துப் பார்த்தோம். மேல் அலகின் நுனி மொட்டையாக இருந்தது, கீழ் அலகு அதைவிட நீண்டிருந்தது. கூண்டில் நெருக்கி வளர்க்கும்போது ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கப் பண்ணைகளில் இப்படி வெட்டுவார்கள். மண்ணைக் கிளறி வளர்ந்த கோழிக்கு நகம் தேய்ந்திருக்கும். இவற்றுக்கு நீண்டு வளைந்து கிடந்தது. சாயங்காலம் ஆனால் நாட்டுக்கோழி தானாகக் கட்டைமேல் ஏறி அடையும். இந்த ஆறும் கட்டை எதற்கு என்றே தெரியாமல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன.

மூக்கு வெட்டியிருந்தால் கோழி பண்ணையிலிருந்து வந்தது என்று தெரியும், வயது தெரியாது. வயதுக்குக் காலைப் பாருங்கள். மஞ்சள் கால் ரகங்களில் முட்டை வைக்காத விடைக்குக் கால் நல்ல மஞ்சளாக, செதில் வழவழவென்று இருக்கும். முட்டை வைக்க வைக்க அந்த மஞ்சள் நிறம் முதலில் ஆசனவாயிலும், பிறகு கண்ணைச் சுற்றியும், அலகிலும், கடைசியாகக் காலிலும் வெளுத்துப்போகும். "இன்னும் முட்டையே வைக்கலீங்க" என்று விற்ற கோழிக்குக் கால் வெளுத்துச் செதில் சொரசொரப்பாக இருந்தால் அது பொய். அப்புறம், வாலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கூர்மையான எலும்பு கைக்குத் தட்டுப்படும். விடைக்கு நடுவில் ஒரு விரல் நுழைவதே கஷ்டம். எனக்கு வந்தவற்றில் இரண்டு விரல் தாராளமாகப் போனது.

பண்ணைகளில் பெரும்பாலும் 72 முதல் 80 வாரத்துக்குள் லேயர் கோழிகளைக் கழித்துவிடுவார்கள். வெள்ளைக் கோழி என்றால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால்தான் நாட்டுக்கோழி போலத் தெரியும் செந்நிற பிரவுன் லேயரைத் தள்ளிவிடுகிறார்கள். அந்த ரகத்தில் குறையே இல்லை. இளசாக, அந்தப் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். இவை இப்போதும் எப்போதாவது முட்டை வைக்கின்றன, பெரிதாக, கையில் எடுத்தாலே விரிசல் விடும் மெல்லிய ஓட்டோடு.

போன் செய்தபோது, "இடம் மாறி, தண்ணி மாறினா கொஞ்ச நாள் முட்டை நிக்குமுங்க" என்றார் விற்றவர். அது உண்மைதான், அதனால்தான் அதைச் சொல்கிறார்கள். மூக்கு வெட்டியதைக் கேட்டதும் லைன் கட்டானது. மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

கூண்டும் அதே லட்சணம். பத்துக் கோழிக்குப் போதும் என்று சொன்னது நாலுக்கு மூன்று அடி. அடையும் இடத்தில் கோழிக்கு இரண்டு சதுர அடி வைத்தால்கூட ஆறுக்குத்தான் சரி. சுற்றிலும் அறுகோண ஓட்டை போட்ட கோழி வலை, அதுவும் ஸ்டேப்ளர் பின்னில். அந்த வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே நிறுத்தாது. ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டு வந்து ஒரு கோழியை முடித்துவிட்டது. பிறகு அரை இஞ்ச் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கி முழுதாக மாற்றினோம். அந்தச் செலவு தனி.

சேவல் மட்டும் இளசு, வேறெங்கோ பிடித்தது போல. வந்த கொஞ்ச நாளில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிச் செத்தது. வெள்ளைக்கழிச்சல் என்றார் அரசு கால்நடை மருந்தக டாக்டர். "தடுப்பூசி எல்லாம் போட்டாச்சுங்க" என்று விற்பவர் சொன்னால் என்ன ஊசி, எந்த வயதில் என்று கேளுங்கள். கழிச்சலுக்குக் குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. போட்டவருக்கு இது சட்டென்று வாயில் வரும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கோழிகளின் அலகு, கால் படங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் ஏமாந்திருந்தாலும் அவற்றை அழிக்காதீர்கள்.

இப்போது அதே விளம்பரம் 14,999 ரூபாய் என்று வேறு எண்ணில் வருகிறது. "பகல்ல நேர்ல வந்து கோழியைப் பிடிச்சுப் பார்த்துட்டு வாங்கிக்கிறேங்க, இடம் எங்கே?" என்று என் தம்பி அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினான். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.