சுருட்டிக் கட்டும் உறையா, ஜிப் பையா? வரைபொருள்களுக்கு வீட்டிலேயே தைக்கும் உறை

பென்சில், பிரஷ், சிறிய வாட்டர்கலர் பெட்டி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் தெப்பக்குளத்தருகிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ உட்கார்ந்து வரைபவர்கள் தாங்களே ஓர் உறை தைத்துக்கொள்ள நினைத்தால், பெரும்பாலும் இரண்டு வடிவங்களே முன்னால் நிற்கின்றன. ஒன்று, அறை அறையாகத் தைத்துச் சுருட்டி நாடாவால் கட்டும் சுருட்டு உறை. மற்றொன்று, ஜிப் வைத்த பை. இரண்டையும் தைத்துப் பயன்படுத்திய பிறகு நான் சுருட்டு உறையையே வைத்துக்கொண்டேன்.

ஜிப் பையில் ரப்பரும் ஷார்ப்னரும் தொலையாமல் கிடக்கும். சுருட்டு உறையில் பென்சில் முனை உடையாது, தேடாமல் கைக்குக் கிடைக்கும். இவை எல்லோரும் அறிந்தவை. சென்னையைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஈரமும் பராமரிப்பும்தான்.

வாட்டர்கலர் பிரஷ்ஷை எவ்வளவு துடைத்தாலும் மயிரைப் பிடித்திருக்கும் உலோகக் கழுத்துக்குள் நீர் தங்கிவிடுகிறது. அதை ஜிப் பைக்குள் போட்டு மூடினால், ஏற்கெனவே புழுக்கமான காற்றில் அந்த ஈரம் வெளியேற வழியின்றி, மரப்பிடி ஊறி அதன் வர்ணப்பூச்சு உரியத் தொடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழையில் துணியில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சையும் பிடிக்கும். லைனிங் வைத்த பை என்றால் இரண்டு துணிகளுக்கும் நடுவே காய்வதற்கு இன்னும் நேரமாகும். உலோக ஜிப்பை உப்புக்காற்று அரிக்கிறது. நைலான் ஜிப் அரிபடாது என்றாலும், பென்சில் தூளும் காய்ந்த வண்ணமும் பற்களில் ஏறி ரன்னர் சிக்கிக்கொள்கிறது. ஜிப் கெட்டால் லைனிங்கைப் பிரித்தே மாற்ற வேண்டும்.

சுருட்டு உறையிலோ கெட்டுப்போவதற்கு ஏதுமில்லை. வீட்டுக்கு வந்ததும் நாடாவை அவிழ்த்து, பொருள்களை எடுத்துவிட்டுக் கொடியில் விரித்துப் போட்டால் இருபுறமும் காற்றுப்பட்டுக் காய்ந்துவிடும். அறைகளின் அடியில் சேரும் தூள் தலைகீழாகத் தட்டினாலே பெரும்பாலும் உதிரும். மூலையில் தங்குவதைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுத்துவிடலாம்.

தைப்பதிலும் இதுவே எளிது. கெட்டியான காடாத் துணிக்குத் துணிக்கடைகள் நிறைந்த கோடவுன் தெருவரை போகலாம்; அரை மீட்டருக்காக அந்த நெரிசலில் நுழைவதைவிடப் பழைய ஜீன்ஸின் ஒரு கால் போதும் என்பது என் கருத்து. புதிய பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லையெனில் தைத்த பிறகு சுருங்கி அறைகள் இறுகிவிடும். 28 செ.மீ. அகலமும் 44 செ.மீ. நீளமும் உள்ள துணியின் அடிப்பகுதியை 11 செ.மீ. மேலே மடித்து, இரு பக்க ஓரங்களையும் மடித்தடிக்க 2 செ.மீ. வீதம் விட்டு, மீதியில் 2 செ.மீ. இடைவெளியில் நேர்த்தையல் போட்டால் 12 அறைகள் கிடைக்கும். மேலே மிஞ்சும் பகுதியில் 8 செ.மீ. கீழே மடிந்து முனைகளை மூடும். லைனிங் வேண்டாம். ஜீன்ஸ் துணிக்கு 16ஆம் எண் ஊசி ஏற்றது. பக்கவாட்டு ஓரத்தை மடித்தடிக்கும் இடத்தில் துணி நான்கு அடுக்காகிவிடுவதால், அங்கே மோட்டாரையோ மிதியையோ நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக நகர்த்தினால் ஊசி முறியாது. நாடாவின் நடுப்பகுதியை ஒரு பக்க ஓரத்தில் பிடித்துத் தைத்துவிட்டால், உறை நிறைந்திருந்தாலும் பாதி காலியாக இருந்தாலும் அதற்கேற்ப இறுக்கிக் கட்ட முடியும். பட்டன் வைத்தால் இந்த வசதி இல்லை.

நெரிசலான பேருந்தில் தினமும் போய்வரும் மாணவருக்கும், கரித்துண்டுகளை அதிகம் பயன்படுத்துபவருக்கும் ஜிப் பை பொருந்தலாம். கரித்தூள் வெளியே சிந்தாது என்பது உண்மையான அனுகூலம். நான் கையாள்வது பென்சிலும் வாட்டர்கலரும் மட்டுமே என்பதால், ஆயில் பெயின்ட் டியூப்களின் கனத்தை இந்த அறைகள் எத்தனை காலம் தாங்கும் என்பதை அவற்றைச் சுமப்பவர்தான் சொல்ல வேண்டும்.