த்ரீடி படமா, அட்டை வீடா? மேற்கு வெயிலை வைத்து ஒரு ஒப்பீடு

வேலூர் காட்பாடியில் 30-க்கு 40 அடி மனை, ரோடு மேற்கே. 2023 தையில் பிளான் போட உட்கார்ந்தோம். கட்டுவதற்கு முன்னாலேயே வீட்டைக் கண்ணால் பார்க்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, பிளான் போட்டவர்களே செய்து கொடுத்த த்ரீடி எலிவேஷன், அதாவது கட்டிய வீடு மாதிரியே தெரியும் கம்ப்யூட்டர் படம். இன்னொன்று, நானும் என் மனைவியும் ஃபோம் போர்டை வெட்டி ஒட்டிய, நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்கு (1:50) அட்டை வீடு. இரண்டையும் செய்தோம். இப்போது அந்த வீட்டில் ஒரு கத்திரி வெயிலைக் கழித்தாயிற்று. என் ஓட்டு அட்டை வீட்டுக்குத்தான்.

த்ரீடியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெயின்ட் நிறம், முகப்பு டைல்ஸ், பால்கனிக் கைப்பிடி கண்ணாடியா கம்பியா என்பதையெல்லாம் அதில்தான் தீர்மானிக்க முடியும். வெள்ளை அட்டை அந்த விஷயத்தில் ஒன்றும் சொல்லாது. செலவு என்று பார்த்தால் அட்டை, ஃபெவிகால், கட்டர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் நான்கு ராத்திரி விழித்து வேலை செய்தோம். அதையும் செலவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்ப்பது மூன்றாவது வழி. அதை மட்டும் நம்பாதீர்கள். திறந்த வெளியில் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறையைக் கோட்டில் பார்த்துவிட்டு "இதில் கட்டில் எப்படிடா போடுவே?" என்று அம்மா கேட்டார்.

அட்டை வீட்டின் பக்கம் நான் சாய்ந்ததற்கு ஒரே காரணம் மேற்கு வெயில். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் மலைப்பாறை குடித்த சூட்டை ராத்திரி திருப்பித் தருகிறது. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் செய்வது அதே வேலைதான். மேற்குச் சுவர் சாயங்காலம் வரைக்கும் சூடேறி, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அந்தச் சூட்டை உள்ளே விடும். ஆக, மேற்குப் பக்கம் வரக்கூடாத அறை படுக்கையறை. ஆனால் வாஸ்துப்படி பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில்தான் வர வேண்டும். அம்மா அதில் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

எங்கள் த்ரீடி படத்தில் அந்த அறைக்கு மேற்கே ஆறடி அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல், மேலே இரண்டடி சன்ஷேட். படத்தில் இளமஞ்சள் வெளிச்சம் கட்டில்மேல் மெல்ல விழுந்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. என் தம்பி ராணிப்பேட்டையில் இதே மாதிரி ஒரு படத்தைப் பார்த்துத்தான் வீடு கட்டினான். இப்போது வைகாசியில் அந்த அறையைப் பூட்டிவிட்டு, குடும்பத்தோடு ஹாலில் படுக்கிறான்.

அட்டை வீட்டை வைத்து நாங்கள் செய்தது இதுதான். அடி அட்டையின் ஓரத்தில் ஒரு குண்டூசியை 2 சென்டிமீட்டர் மேலே தெரியும்படி நட்டோம். மே மாத நடுவில், மாலை 4 மணிக்கு, வேலூரில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி உயரத்தில், மேற்கிலிருந்து சற்றே வடக்குத் தள்ளி நிற்கும். அப்போது 2 சென்டிமீட்டர் ஊசியின் நிழல் கிழக்கே, கொஞ்சம் தெற்குச் சாய்வாக, 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. தை மாத வெயிலில் மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், ஊசியின் நிழல் நுனி அந்தப் புள்ளியில் உட்காரும்வரை அட்டையைத் திருப்பிச் சாய்த்தோம். அவ்வளவுதான், தை மாதத்திலேயே மே மாத வெயில் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

கூரையைத் தூக்கிப் பார்த்தால், கட்டிலுக்கு வைத்திருந்த அட்டைத் துண்டு முழுக்க வெயில். இரண்டடி சன்ஷேட் நாலடி உயர ஜன்னலில் ஒன்றரை அடியைக்கூட மறைக்கவில்லை. 5 மணிக்கான புள்ளிக்குச் சாய்த்தபோது நிழல் முக்கால் அடிக்குச் சுருங்கியது, மாடலில் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதே சன்ஷேட்டைத் தெற்குச் சுவரில் வைத்துப் பார்த்தால் கதையே வேறு. கத்திரியில் நம் ஊரில் உச்சி சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், தெற்கு ஜன்னலில் மதிய வெயிலே படாது. மார்கழி மதியத்தில் தெற்கே இறங்கி வரும் வெயிலில், ஜன்னலின் மேல் இரண்டரை அடிக்கு மேல் அந்த இரண்டடி சன்ஷேட்டே மறைத்துவிடுகிறது.

கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனால் மேலே பாருங்கள். யாளித் தூண்களையே எல்லோரும் பார்க்கிறோம். அதற்கு மேலே எவ்வளவு தூரம் வெளியே நீண்டு வளைந்திருக்கிறது அந்தக் கொடுங்கை, அந்தக் கல் சன்ஷேட்! வெயிலை நிறுத்த அந்த நீளம் வேண்டும்.

அறை கன்னி மூலையிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். மேற்கு ஜன்னலை அட்டையால் அடைத்து, மேலே இரண்டு சின்ன வென்டிலேட்டர் மட்டும் வெட்டினோம். பெரிய ஜன்னல் தெற்குச் சுவருக்குப் போனது. மேற்குச் சுவரின் உள்பக்கம் முழுக்க அலமாரி. இத்தனையும் பிளேடும் செலோடேப்பும் கொண்டு ஒரே சாயங்காலத்தில் முடிந்த வேலை. த்ரீடியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூன்று நாள் காத்திருந்தோம். பிளானைப் பார்த்துப் புரியாமல் இருந்த அம்மாவும் மாடலில் விரலை விட்டு, "இந்தக் கதவைத் திறந்தா பூஜை ரூம் கதவுல இடிக்குமே" என்றார். உண்மைதான், இடித்திருக்கும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த நிழலை த்ரீடியிலும் பார்க்கலாம். ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளில் ஊர், தேதி, நேரம் கொடுத்தால் சரியான நிழல் விழும். எங்களுக்குப் படம் செய்தவர் அதைச் செய்யாமல், அழகான வெளிச்சம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். கண்ணில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கும் விஆர் கருவியை ஒரே ஒரு தடவை, பத்து நிமிஷம்தான் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. பொதுக்கட்டடங்களிலும் என் அனுபவம் குறைவு. நாங்கள் படித்த பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்ட முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டியபோது, ஃபிளெக்ஸில் அடித்த த்ரீடி படம்தான் வேலை செய்தது. அட்டை மாடலை யார் வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியும்? மூன்று நான்கு மாடிக் கட்டடத்தை அட்டையில் செய்வதும் நம் கைக்கு அடங்காது.

அட்டை வெட்ட நேரமில்லாதவர்கள், முன்பணம் கொடுக்கும்போதே மூன்று படம் கூடுதலாகக் கேளுங்கள். ஊர் வேலூர் என்று வைத்து, மே 15 மாலை 4 மணிக்கு ஒன்று, அன்றே 5 மணிக்கு ஒன்று, டிசம்பர் 21 மதியம் ஒன்று. மூன்றும் வெளியிலிருந்து எடுத்தது வேண்டாம், படுக்கையறைக்கு உள்ளே இருந்து பார்ப்பதாக இருக்கட்டும்.